சொந்தமாகப் புத்தகம் வெளியிட: எழுதும் நாளிலிருந்து விற்கும் நாள் வரை

பதிப்பகத்தின் துணையின்றித் தம் நூலைத் தாமே வெளியிட விரும்பும் தமிழ் எழுத்தாளர்களுக்காக இதை எழுதுகிறேன். மேற்கு மாவட்டங்களின் வாரச்சந்தைகளையும் மாட்டுச்சந்தைகளையும் பற்றிய என் கட்டுரைத் தொகுப்பை நானே அச்சிட்டு, நானே விற்றேன். எந்த அலுவலகத்தில் எந்த ஆவணம் கேட்பார்கள், எந்த வேலையை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும், எங்கே பணம் வீணாகும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்பவர் எவரும் எனக்குக் கிடைக்கவில்லை. அலைந்து தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன். புனைகதை, கவிதை, கட்டுரை எதுவாயினும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றே.

1. எழுதும்போதே வாசகரைச் சேருங்கள்

சொந்த வெளியீட்டு நூல்கள் வீட்டுப் பரணில் தேங்குவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம்தான் இருக்கிறது. இந்த நூலை யார் வாங்குவார் என்ற கேள்வி, அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்திறங்கிய பிறகே எழுகிறது. அந்தக் கேள்விக்கான விடையை முதல் அத்தியாயம் எழுதும்போதே தேடத் தொடங்க வேண்டும்.

நான் பின்பற்றிய முறை எளிது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுதி முடித்ததும், அந்த அத்தியாயம் யாருடைய உலகத்தைப் பற்றியதோ அவரிடமே சென்று வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் கைகளை மறைத்து, விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தைப் பற்றிய பகுதியை ஒரு தரகரிடம் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். ஒரே விரல்பிடி நூறாகவும் பொருள்படும், ஆயிரமாகவும் பொருள்படும். எந்த அளவில் பேச்சு நடக்கிறது என்பது மாட்டின் பல்லைப் பார்த்த கணத்திலேயே இருவருக்கும் தெரிந்துவிடும் என்று அவர் ஒரு விளக்கம் சேர்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் துண்டுக்குள் இழுத்து, இரண்டு பல் போட்ட காளைக்கு விலை பேசியே காட்டினார். அந்தப் பக்கம் நூலில் உயிரோடு இருப்பதற்கு அவரே காரணம். நூல் வந்தபோது தம் உறவினர்களுக்கும் சேர்த்துப் பிரதிகள் வாங்கியவரும் அவரே.

எனவே ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, எழுதும் காலத்தில் உதவிய ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் கைபேசி எண்ணையும் அவருடைய சம்மதத்தோடு குறித்து வையுங்கள். நூல் வெளிவரும் நாளில் உங்களிடம் இருக்கும் மிக மதிப்புள்ள ஆவணம் அந்தக் குறிப்பேடுதான். ஒருவருடைய பெயரையோ புகைப்படத்தையோ நூலில் சேர்ப்பதானால், எழுத்து மூலமாக ஒரு வரி ஒப்புதல் பெற்று வைப்பது நல்லது.

புனைகதை எழுதுவோருக்கும் இது பொருந்தும். கதை நிகழும் ஊர், கதைமாந்தரின் தொழில், கதையில் வரும் நோய் அல்லது விளையாட்டு என ஏதேனும் ஒன்று, ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரின் அக்கறைக்கு உரியதாக இருக்கும். அவர்களில் இருவருக்கு முன்வரைவைப் படிக்கக் கொடுங்கள்.

2. மெய்ப்பும் எழுத்துருவும்

இந்தப் படியில் செலவைக் குறைக்காதீர்கள். சந்திப்பிழையும் ஒருமை பன்மை மயக்கமும் நிறைந்த நூலை நூலகத் தேர்வுக் குழுவும் மதிப்புரையாளரும் முதல் இரண்டு பக்கங்களிலேயே மூடிவைத்துவிடுவார்கள். மெய்ப்புப் பார்ப்பவர்கள், அதாவது பிழை திருத்துபவர்கள், பெரும்பாலும் பக்கக் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். வேலையை ஒப்படைக்கும் முன், ஒருமுறை பார்ப்பதற்கா, வடிவமைப்புக்குப் பிறகு மறுமுறை பார்ப்பதற்கும் சேர்த்தா என்பதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். வடிவமைப்பின்போது சொற்கள் உடைவதும் வரிகள் விடுபடுவதும் வழக்கம் என்பதால் இரண்டாவது பார்வை கட்டாயம் தேவை.

புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத பொறி எழுத்துருவில் இருக்கிறது. யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்த கோப்பைச் சில வடிவமைப்பாளர்கள் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளுக்காகப் பாமினி போன்ற பழைய குறியாக்கத்துக்கு மாற்றிவிடுவார்கள். கடைசித் திருத்தங்கள் எல்லாம் அந்தக் கோப்பில்தான் செய்யப்படும். பிறகு மின்னூல் வெளியிட விரும்பும்போது, உங்களிடம் உள்ள யூனிகோடு கோப்பில் திருத்தங்கள் இருக்காது. திருத்தங்கள் உள்ள கோப்பை மீண்டும் யூனிகோடுக்கு மாற்றினால் கொம்புகளும் ஒற்றுகளும் இடம் மாறிக் கிடக்கும். ஆகவே இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவைக் கொண்டே வடிவமைத்துத் தருபவரைத் தேடுங்கள். இறுதிப் பிடிஎஃப் மட்டும் போதாது. திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டால் தனிக் கட்டணம் சொல்வார்கள், அல்லது கணினி பழுதாகிவிட்டது என்பார்கள்.

3. ஐஎஸ்பிஎன் எண்

ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் தனி அடையாள எண். இந்தியாவில் இதற்குக் கட்டணம் கிடையாது. ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை, அதற்கான இணையவாசல் வழியாக இந்த எண்ணை வழங்குகிறது. தனி எழுத்தாளரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நூலின் தலைப்புப் பக்கம் அல்லது அட்டையின் நகல் ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். புனைபெயரில் எழுதுபவரானாலும் விண்ணப்பம் சான்றில் உள்ள பெயரிலேயே இருக்க வேண்டும்.

எண் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகக்கூடும். சான்று மங்கலாக இருந்தாலோ பெயர் ஓரெழுத்து மாறியிருந்தாலோ திருப்பி அனுப்பப்பட்டு மேலும் காலம் பிடிக்கும். அதனால் மெய்ப்பு நடக்கும் காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பின்னட்டையில் பார்கோடு இடம்பெற வேண்டியிருப்பதால், எண் இல்லாமல் அட்டையை இறுதி செய்ய இயலாது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு நூல் வெளியிட்டுத் தரும் நிறுவனங்கள் சில, இலவசமாகக் கிடைக்கும் இந்த எண்ணுக்குத் தனித் தொகை வாங்குகின்றன. அதைவிடக் கவலைக்குரியது, அந்த எண் அவர்களுடைய பெயரில் பதிவாகி, நூலின் வெளியீட்டாளராக அவர்களே நிற்பது. பின்னாளில் நீங்கள் தனியே வெளியிட விரும்பினால் புதிய எண்ணும் புதிய அட்டையும் தேவைப்படும்.

திருத்தமில்லாத மறுஅச்சுக்குப் பழைய எண்ணே போதும். திருத்திய பதிப்புக்கும், கெட்டி அட்டைப் பதிப்புக்கும் தனித்தனி எண்கள் வேண்டும். அச்சு நூலின் எண்ணை மின்னூலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

4. உரிமையும் அனுமதியும்

எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. விரும்பினால் பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய் செலுத்தி விண்ணப்பிக்கலாம். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்காக நூலை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

யாருடனாவது ஒப்பந்தம் செய்ய நேர்ந்தால் காலவரையைப் பாருங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும்; காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்று கொள்ளப்படும். “எல்லா வடிவங்களுக்கும், எல்லாக் காலத்துக்கும்” என்ற தொடர் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். ஒலிநூலும் மொழிபெயர்ப்பும் அந்த ஒரு தொடருக்குள் போய்விடும்.

அத்தியாயத் தலைப்புகளில் திரைப்படப் பாடல் வரிகளைப் போடும் பழக்கம் நம்மிடம் அதிகம். அவற்றுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். பாரதியாரின் வரிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் அவை நாட்டுடைமை. பொதுவாக, ஆசிரியர் மறைந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேற்கோள்களைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் கிடைத்த படத்தை அட்டையில் போடுவதும் இதே வகைத் தவறுதான்.

5. அச்சு

அச்சகத்துக்குப் போகும் முன் நான்கு செய்திகளை முடிவு செய்துகொள்ளுங்கள்: அளவு, தாள், கட்டு, எண்ணிக்கை. பெரும்பாலான தமிழ் நூல்கள் டெம்மி அல்லது கிரவுன் அளவில் வருகின்றன. உள்பக்கங்களுக்கு 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேப்லித்தோ தாள், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் அளவிலான ஆர்ட் போர்டும் மேட் லேமினேஷனும் என்று சொன்னால் அச்சகத்தார் உடனே புரிந்துகொள்வார்கள். இளமஞ்சள் நிறத் தாள் கண்ணுக்கு இதமானது. பளீர் வெள்ளையில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும் தாள்களும் உண்டு என்பதால், ஒரு தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஆஃப்செட்டில், அதாவது தகடு செய்து மொத்தமாக அச்சிடும் முறையில், பக்கங்கள் ஃபாரம் கணக்கில் அச்சாகும்; ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதியே ஃபாரம். ஒரு ஃபாரம் 16 பக்கங்கள் என்றால், 160 பக்க நூல் பத்து ஃபாரத்தில் அடங்கிவிடும். 163 பக்கங்கள் வந்தால் பதினோராவது ஃபாரத்துக்கும் செலவு தொடங்கும். ஆகவே வடிவமைப்பு முடிந்ததும் எழுத்தின் அளவையோ இடைவெளியையோ சற்று மாற்றிப் பக்கங்களை ஃபாரத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். அட்டையின் முதுகு அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் கனத்தையும் பொறுத்தது. அச்சகம் சொல்லும் அளவு வந்த பிறகே அட்டையை முடிக்க வேண்டும்.

சில நூறு பிரதிகள் வரை டிஜிட்டல் அச்சே பொதுவாக மலிவு. 500ஐத் தாண்டும்போதுதான் ஆஃப்செட்டின் பயன் தெரியத் தொடங்கும். ஆயிரம் போட்டால் ஒரு பிரதியின் விலை எவ்வளவு குறைகிறது என்று அச்சகத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கணக்கு உண்மைதான், ஆனால் விற்காத பிரதிகளின் செலவு அதில் இராது. முதல் அச்சுக்கு 200 அல்லது 300 போதும் என்பதே என் உறுதியான கருத்து. கவிதை நூலானால் இன்னும் குறைவாகவே தொடங்குங்கள்.

மூன்று அச்சகங்களில் எழுத்து மூலமாக விலைப்புள்ளி வாங்குங்கள். தாள், அட்டை, லேமினேஷன், கட்டு, ஜிஎஸ்டி, வண்டி வாடகை எல்லாம் அடங்கிய தொகையா என்று கேளுங்கள். அச்சிட்ட நூலின் விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லாததால், அச்சகத்துக்குச் செலுத்தும் வரியை நீங்கள் திரும்பப் பெற முடியாது; அதையும் அடக்கவிலையில் சேருங்கள்.

முழு அச்சுக்கு ஒப்புதல் தருவதற்கு முன் ஒரு மாதிரிப் பிரதியைக் கட்டுப் போட்டே வாங்கிப் பாருங்கள். நடுப்பக்கத்தை நன்றாக விரித்து அழுத்துங்கள். முதுகில் பசையிட்டு ஒட்டும் பெர்பெக்ட் பைண்டிங்கில் பசை சரியில்லை என்றால் அங்கேயே பிளந்துவிடும். எனக்கு வந்த மாதிரியில் ஒரு ஃபாரம் தலைகீழாகக் கோக்கப்பட்டிருந்தது. முழுக் கட்டுகளும் அப்படி வந்திருந்தால் யார் பொறுப்பு என்ற வாக்குவாதத்தில் மாதங்கள் கழிந்திருக்கும்.

காலத்தைப் பற்றி ஒரு சொல். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடப்பதால் டிசம்பரில் எல்லா அச்சகங்களும் நிரம்பி வழியும். நாட்காட்டி வேலையும் அப்போதுதான். ஜனவரிக்கு நூல் வேண்டுமானால் அக்டோபர் இறுதிக்குள் இறுதிக் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.

6. விலை

ஒரு பிரதியின் அடக்கவிலை 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 250 ரூபாய் விலை வைத்து, கடைக்கு 40 விழுக்காடு கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு 150 வரும். அடக்கவிலையும் கடைக்கு அனுப்பும் செலவும் போக ஐம்பது அறுபது நிற்கும். அதே நூலுக்கு 160 என்று விலை வைத்தால், கடைவழி விற்பனையில் மிஞ்சுவது 16 ரூபாய்; தபால் செலவுக்கே போதாது. அடக்கவிலையின் மூன்று மடங்குக்குக் குறையாமல் விலை வையுங்கள். வடிவமைப்பு, மெய்ப்பு, அட்டை ஓவியம் ஆகிய செலவுகளையும் பிரதிகளின் எண்ணிக்கையால் வகுத்து அடக்கவிலையில் சேர்க்க மறவாதீர்கள்.

7. மின்னூல்

அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலில் தமிழ் மின்னூலை, எழுத்தாளர்களுக்கான அதன் கேடிபி தளம் வழியாக நீங்களே ஏற்றலாம்; கட்டணமில்லை, ஐஎஸ்பிஎன்னும் தேவையில்லை. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் அமெரிக்க விற்பனையின் மீதான பிடித்தம் 30 விழுக்காட்டுக்குப் பதில் 15 விழுக்காடாகக் குறையும். மாத முடிவிலிருந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துப் பணம் வரும்.

இந்திய விற்பனையில் 70 விழுக்காடு உரிமத்தொகை வேண்டுமானால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையேல் 35தான். அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அதே உள்ளடக்கம் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி இணையதளத்தில் தொடராக எழுதியவர்களும் வலைப்பூவில் அத்தியாயங்களை வெளியிட்டவர்களும் சேரும் முன் அவற்றை நீக்கிவிட வேண்டும். பத்து விழுக்காடு வரை மாதிரியாக வைத்திருக்கலாம். 70 விழுக்காட்டுத் திட்டத்தில் கோப்பின் எடைக்கு ஏற்ப ஒரு எம்பிக்கு 7 ரூபாய் கழிக்கப்படும் என்பதால், படங்கள் மிகுந்த நூலானால் படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள்.

8. நூலகங்களுக்கு அனுப்ப வேண்டிய பிரதிகள்

நூல் வழங்கல் சட்டம், 1954இன்படி, நூல் வெளியான 30 நாட்களுக்குள் வெளியீட்டாளர் தம் செலவில் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். சொந்தமாக வெளியிடும்போது வெளியீட்டாளர் நீங்களே. கன்னிமாராவில் நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நூலகக் கொள்முதலுக்கு விண்ணப்பிக்கும்போது பயன்படும். பொது நூலக இயக்ககத்தின் அறிவிப்பையும், சிறந்த நூல்களுக்கான தமிழ் வளர்ச்சித் துறையின் பரிசு அறிவிப்பையும் அந்தந்தத் துறையின் இணையதளத்தில் தொடர்ந்து பாருங்கள். கடைசி நாளைத் தவறவிடாதீர்கள்.

9. நூலை அதன் இடத்துக்கே கொண்டு செல்லுங்கள்

பெரும்பாலோர் மாநகரில் ஓர் அரங்கம் எடுத்து, மாலையும் பொன்னாடையும் வாங்கி, சிறப்பு விருந்தினரின் பயணச் செலவையும் ஏற்று விழா நடத்துகிறார்கள். வந்தவர்களில் பாதிப்பேருக்கு நூல் இலவசமாகப் போய்விடுகிறது. அந்தத் தொகையில் மறுஅச்சே போட்டுவிடலாம்.

என் நூலை ஒரு சந்தை நாளில், சந்தையிலேயே வெளியிட்டேன். மாட்டுக் கயிறும் மூக்கணாங்கயிறும் சலங்கையும் விற்கும் கடையின் ஓரத்தில் ஒரு மேசை. அந்தக் கடைக்காரரே முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டார். கயிறு வாங்க வந்தவர்கள் நூலைப் புரட்டித் தங்கள் ஊர்ச் சந்தை இருக்கிறதா என்று பொருளடக்கத்தைத் தேடினார்கள். இருந்தவர்கள் வாங்கினார்கள். அன்று முதல் அந்தக் கடையில் கயிற்றுக் கொத்துகளின் நடுவே சில பிரதிகள் எப்போதும் தொங்குகின்றன, விற்றபின் கணக்கு. உங்கள் நூல் நெசவைப் பற்றியதானால் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனைக் கூடமும், சமையலைப் பற்றியதானால் செக்கு எண்ணெய்க் கடையும், பள்ளி வாழ்வைப் பற்றியதானால் முன்னாள் மாணவர் கூட்டமும் புத்தகக் கடையைவிடச் சிறந்த இடங்கள்.

அச்சுக்குப் போகும் முன்பே முன்பதிவைத் தொடங்குங்கள். முதல் படியில் சொன்ன குறிப்பேட்டில் உள்ளவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். ஒரே செய்தியை எல்லாருக்கும் வாட்ஸாப்பில் அனுப்புவதைவிட, “நீங்கள் சொன்ன செய்தி 42ஆம் பக்கத்தில் இருக்கிறது” என்று தனியே எழுதும் ஒரு வரிக்கு வலிமை அதிகம். முன்பதிவுத் தொகையைத் தனிக் கணக்கில் வையுங்கள். சொன்ன தேதியில் நூல் வராது என்று தெரிந்தால் அன்றே தெரிவித்துவிடுங்கள்.

இதழ்களுக்கு மதிப்புரைக்காக இரண்டு பிரதிகள் அனுப்புவது மரபு. எல்லா இதழ்களுக்கும் அனுப்பாமல், உங்கள் பொருளில் கட்டுரை வெளியிட்டிருக்கும் சில இதழ்களைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியருக்கு அரைப்பக்கக் கடிதத்துடன் அனுப்புங்கள். காணொளிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம். நூலின் ஒரு பத்தியை, அது நிகழும் இடத்தில் நின்று, சுற்றுச் சத்தத்தோடு படித்த ஒரு நிமிடக் காட்சி, அட்டைப் படத்தை மட்டும் மீண்டும் மீண்டும் பகிர்வதைவிட நிறைய வாசகரைக் கொண்டுவந்தது.

புத்தகக் காட்சிகளில் தனி எழுத்தாளர் கடை எடுப்பது செலவு மிகுந்த வேலை. சென்னைக் காட்சியில் அறிமுகமான பதிப்பகத்தின் கடையில் கழிவுக்குப் பிரதிகள் வைக்கக் கேளுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் சிலவற்றில் உள்ளூர் எழுத்தாளர்களுக்கென்று இடம் ஒதுக்குகிறார்கள். மாவட்ட நூலக அலுவலகத்தில் இரண்டு மாதம் முன்னதாகவே விசாரியுங்கள்.

10. அனுப்புவதும் கணக்கு வைப்பதும்

அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய் என்ற அளவில் நூல்களை அனுப்பலாம், வரி தனி. பாடநூல், போட்டித் தேர்வு நூல், சமூக, பண்பாட்டு, சமய நூல் ஆகியவற்றுக்கு இது உரியது. நூலில் அச்சகத்தாரின் அல்லது வெளியீட்டாளரின் பெயர் இருக்க வேண்டும், உள்ளே விளம்பரம் இருக்கக் கூடாது. தரைவழியே செல்வதால் தாமதமாகும். கூரியரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நூலைப் பாலித்தீன் உறையில் இட்ட பிறகே அட்டைப் பெட்டியில் வையுங்கள். முனை மடங்கிய பிரதி திரும்பி வந்தால் அதை முழு விலைக்கு விற்க முடியாது.

கடைகளில் வைக்கும் பிரதிகளுக்கு இரண்டு படி ரசீது போடுங்கள். தேதி, எண்ணிக்கை, கழிவு விழுக்காடு, எத்தனை நாளில் கணக்குத் தீர்க்கப்படும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும், கடைக்காரரின் கையெழுத்தும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் சென்று, விற்றதற்குப் பணமும் விற்காததற்குப் பிரதியும் பெற்றுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பிறகு பார்க்கலாம் என்ற பதிலே பெரும்பாலும் வரும். நேரில் போனால், அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் உங்கள் நூலை எடுத்துக் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டும் வரலாம். கையிருப்பு ஐம்பதுக்குக் கீழே இறங்கியதும் அச்சகத்தில் மறுஅச்சுக்கான விலைப்புள்ளியைக் கேட்டுவிடுங்கள். முதல் அச்சில் கண்ட பிழைகளைக் குறித்து வைத்திருக்கும் பிரதியை அப்போது உடன் எடுத்துச் செல்லுங்கள்.